சோதனை ஊசி

நான் ஊசி போட்டால் வலிக்காது. அல்சூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சார். டாக்டர் வெங்கடராமன் டிஸ்பென்சரிக்கு வருகிற குழந்தைகள்கூட என்னிடம் அழாமல் கையை நீட்டும். குத்துவதில் ஒன்றுமில்லை. குத்துவதற்கு முன்னால் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். பேச்சில் கவனம் போய்விட்டால் உடம்பு இறுகாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

என் பெயர் பெர்னதெத். அந்த டிஸ்பென்சரியில் நர்ஸ். ஜோகுபாளையத்தில் வீடு. என்னை யாரும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து வரவில்லை, யாருக்கும் என்மேல் சந்தேகமும் இல்லை. என் தங்கை பவுலினின் வீட்டுக்காரர் சில்வெஸ்டர் போன மழைக்காலத்தில் எங்கள் டிஸ்பென்சரியில் இறந்துபோனார். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. அதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

முதலில் பவுலினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. அடுத்த வருஷமே அம்மா டைபாய்டில் போய்விட்டாள். பவுலினுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. அவளுக்குத் தலை வாரியது, சளி பிடித்தால் நெஞ்சில் தைலம் தேய்த்தது, பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றது எல்லாம் நான்தான். எனக்கு வந்த வரன்களை அவளுக்காக வேண்டாமென்றேன். பிறகு அவளுக்கு வந்த வரன்களிலும் சிலதைத் திருப்பி அனுப்பினேன். அது அவளுக்குத் தெரியாது.

சில்வெஸ்டரைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குக் கோவிலுக்குப் போன இடத்தில் அவளே அவரைப் பார்த்துவிட்டாள். விமானத் தொழிற்சாலையில் வெல்டர். கலியாணம் ஆனபின் எங்கள் வீட்டிலேயே இருக்கச் சம்மதித்தார். பவுலின் கேட்டாளாம், அக்காவைத் தனியே விடக்கூடாது என்று.

அவர் குடிப்பாரா, அவளை அடிப்பாரா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. சவரம் செய்துகொள்ளும்போது பாடுவார். என் தண்ணீர்த் தொட்டியை நான் கேட்காமலே நிரப்பி வைப்பார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதில் நானும் பவுலினும்தான் படுத்து வந்தோம். அது அவர்களுடைய அறைக்குப் போனதும், தொழிற்சாலையில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து எனக்கு ஒரு கட்டில் செய்து தந்தார். பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாலும் தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. இன்றைக்கும் அதில்தான் படுக்கிறேன். இதையெல்லாம் அவருடைய குறைகளாகத்தான் சொல்கிறேன். ஒரு வீட்டில் ஒருத்தி செய்துவந்த காரியங்களை எல்லாம் இன்னொருவர் சிரித்துக்கொண்டே எடுத்துச் செய்ய ஆரம்பித்தால், அவளுக்கு அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

பவுலின் அவரோடு பேசும்போது ஒரு குரல் வரும். நான் வளர்த்த பெண்ணிடம் அந்தக் குரல் இருந்ததே எனக்குத் தெரியாது.

கலியாணமான வருஷம், காக்ஸ் டவுனில் ஒரு ஞானஸ்நானத்துக்கு மூவரும் கிளம்பினோம். மழை தூறியதால் ஜட்கா வைத்துக்கொண்டோம். வண்டி ஏரிக்கரை திரும்புவதற்குள் சில்வெஸ்டர் தும்ம ஆரம்பித்தார். கண் சிவந்து இமை தடித்தது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். வண்டிக்கார சாயபு திரும்பிப் பார்த்து, "க்யா ஸாப், ஜுகாமா?" என்றார்.

"ஜலதோஷம் இல்ல பாய். உங்க குதிரைக்கு என்னைப் புடிக்கல போல" என்று சில்வெஸ்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. பவுலின் பயந்துபோய் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் சரியாகிவிட்டது. "சின்ன வயசுல இல்லக்கா. எங்க மாமா ஜட்கா ஸ்டாண்டுல இருந்தாரு, அந்தக் குதிரைங்க கூடத்தான் வெளையாடுவேன். அப்புறம்தான் இப்படி ஆச்சு" என்றார். அன்றிலிருந்து அவர் ஜட்கா ஏறுவதில்லை. மழையிலும் நடந்தேதான் போவார்.

நான் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன், அப்போது என் மனதில் வேறெதுவும் இல்லை. டாக்டருக்குப் பாடம் சொல்லப் பிடிக்கும். மேஜைமேல் காலி ஊசிமருந்துக் குப்பிகளை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்.

"உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு சிஸ்டர். வெளியிலேருந்து எது வந்தாலும் நம்மளதா, எதிரியான்னு பாக்கும். அம்மைக் கிருமி வந்தா அடிச்சு வெரட்டும், நல்லது. ஆனா சில பேர் உடம்பு தப்பா முடிவு பண்ணிடும். குதிரை மேலேருந்து பறக்கற பொடுகுல என்ன விஷம் இருக்கு? ஒண்ணும் இல்ல. ஆனா அதை எதிரின்னு ஒருதரம் முடிவு பண்ணிட்டா, அதுக்குன்னே எதிர்ப்பொருள் தயார் பண்ணி வெச்சுக்கும். மொதல்ல வெளியில ஒண்ணுமே தெரியாது. மறுபடி அதே வந்து தொட்டாத்தான் கலவரம்."

"என்ன ஆகும் டாக்டர்?"

"ஹிஸ்டமின்னு ஒரு சரக்கு உடம்புலயே இருக்கு. அதைக் கொட்டிடும். கொஞ்சமாக் கொட்டினாத் தும்மல், அரிப்பு, தடிப்பு. ஒரேயடியாக் கொட்டினா ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து நீர் கசிஞ்சுடும். பிரஷர் விழுந்துடும். தொண்டை வீங்கும், மூச்சுக் குழாய் இறுகிடும். உடனே அட்ரினலின் போட்டாத்தான் ஆள் பிழைப்பான்." பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "குதிரை ஒத்துக்காதவாளுக்கு ஏ.டி.எஸ். போடறச்சே ஜாக்கிரதையா இருக்கணும். அந்த மருந்தே குதிரை ரத்தத்துலேருந்துதான் எடுக்கறது. அவர் கிட்ட சொல்லி வைங்கோ."

ஆணி குத்தினாலும் தகரம் கிழித்தாலும் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ், வராமல் இருக்கப் போடுகிற ஊசிதான் அது. தினம் யாருக்காவது போட்டுக்கொண்டிருப்பேன்.

"அப்ப ஆளைக் கொல்றது குதிரையா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"குதிரை பாவம் சிஸ்டர், அது என்ன பண்ணும்? அவா அவா உடம்புதான்."

இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், சார். ஒரு படித்த டாக்டர் சொன்னது. அவரவர் உடம்புதான்.

வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்று சில்வெஸ்டர் மல்லேஸ்வரத்திலிருந்து மாம்பழம் வாங்கி வந்திருந்தார். பவுலின் அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தாள். சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். சமயம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பிலாய். அங்கே ருஷ்யாக்காரர்கள் உதவியோடு பெரிய இரும்பு ஆலை கட்டுகிறார்களாம், நல்ல வெல்டர்களைக் கூப்பிடுகிறார்களாம். அவருடைய சிநேகிதர் ஜெயராஜ் குடும்பத்தோடு முன்னாலேயே போய்விட்டிருந்தார். சில்வெஸ்டருக்கும் வேலை கிடைத்துவிட்டது. பவுலின் அடுப்படிக்கு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, க்வார்ட்டர்ஸ் தராங்களாம். வீட்டுக்குள்ளயே கொழாத் தண்ணியாம். நீயும் வந்துடுக்கா."

அவரும் சொன்னார். "ஆமாக்கா. அங்க பெரிய ஆஸ்பத்திரி கட்றாங்களாம். உங்க கைக்கு வேலை இல்லாமயா போயிடும்? மூணு பேருமாப் போயிடலாம்."

போயிருக்கலாம். இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் பிடித்த வீட்டில், அவர் பேரில் வந்த வீட்டில், நான் விருந்தாளி மாதிரி ஒரு மூலையில் இருக்க வேண்டும். நான் வளர்த்த பெண் எனக்குச் சோறு போட வேண்டும். "இங்க டாக்டருக்கு என்னை விட்டா ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். பவுலின் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே சாமான் கட்டினாள். அதைத்தான் கவனித்தேன்.

அவர் காலில் ஆணி ஏறியது சாமான் கட்டும்போதுதான். மரப்பெட்டியை உடைத்துப் போட்ட பலகை, துருப்பிடித்த ஆணி. நான் அதை அங்கே வைக்கவில்லை, சார். அதில் எனக்குச் சம்பந்தமே இல்லை. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே பவுலின் அவரை டிஸ்பென்சரிக்கு அழைத்து வந்தாள். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். ஆயா எல்லம்மா பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தாள்.

டாக்டர் உள்ளே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ.டி.எஸ். போட்டுடுங்கோ சிஸ்டர். டெஸ்ட் பண்ணிட்டு" என்றார். நான் சொன்ன ஜட்கா கதை அவருக்கு மறந்துபோயிருந்தது. எத்தனை பேர் கதையைத்தான் அவர் நினைவு வைத்துக்கொள்வார். ஞாபகப்படுத்த வேண்டியவள் நான்.

சோதனை ஊசி என்பது இதுதான். மருந்தை நன்றாகத் தண்ணீராக்கி, முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி விடுவோம். கொஞ்ச நேரம் பார்ப்போம். ஒத்துக்கொள்கிற ஆளுக்கு அந்த இடம் அப்படியே இருக்கும். ஒத்துக்கொள்ளாத ஆளுக்குக் கொசு கடித்தாற்போலத் தடித்து, சுற்றிலும் சிவக்கும்.

நான் முறைப்படி செய்தேன். பவுலினும் எல்லம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு பவுலினை வெளி பெஞ்சில் காற்றாட உட்காரச் சொன்னேன். ரத்தம் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும், சின்ன வயதிலிருந்தே அப்படி. கதவு திறந்துதான் இருந்தது. எல்லம்மாவை வெந்நீர் வைக்கச் சொன்னேன்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வெளுப்பாக ஒரு தடிப்பு எழுந்தது. பிறகு அதன் ஓரங்கள் நீண்டன. தோலுக்குள் ஏதோ கை கால் முளைத்து ஊர்வதுபோல, முழங்கைப் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் படர்ந்தது. அத்தனை வருஷ வேலையில் நான் அந்த மாதிரி பார்த்ததில்லை. அழகாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"அரிக்குதுக்கா" என்றார்.

"அப்படித்தான் அரிக்கும்" என்றேன்.

அவர் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டேன். உள்ளிருந்து டாக்டர், "டெஸ்ட் எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"அப்ப ஃபுல் டோஸ் போட்டுடுங்கோ."

மற்றக் கையை நீட்டினார். நான் வழக்கம்போல முகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். பிலாயில் குளிர் அதிகமாமே என்று கேட்டேன். "பவுலினுக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கிட்டேன்க்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க. ரயில்ல தரலாம்னு வெச்சிருக்கேன்" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது ஊசி வெளியே வந்துவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். தும்மினார். மறுபடி தும்மினார். காது மடல் சிவந்தது. உதடு தடித்தது. அந்த விசில் சத்தம் நெஞ்சுக்குள் ஆரம்பித்தது. அவர் கழுத்தைத் திருப்பித் தெருப்பக்கம் பார்த்தார்.

"வாசல்ல ஜட்கா நிக்குதாக்கா?" என்று கேட்டார்.

தெருவில் ஒன்றுமே இல்லை. "நிக்குது. இப்பப் போயிடும்" என்றேன்.

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப்பின் குரல் வரவில்லை. பெஞ்சிலிருந்து சரிந்த சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார். "அட்ரினலின்! அட்ரினலின் எடுங்கோ!" என்று கத்தினார். அது எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்த டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் மேல் தட்டிலிருந்து தேட ஆரம்பித்தேன். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்துப் பார்த்து வைத்தேன். கிடைத்ததும் குப்பியின் கழுத்தை அரத்தால் பொறுமையாக அறுத்தேன். கண்ணாடித் தூள் மருந்தில் விழக்கூடாது. அது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். டாக்டர் என் கையிலிருந்து பிடுங்கிப் போட்டார். அப்போது போட்டு ஒன்றும் ஆகவில்லை.

பவுலின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா போன அன்றைக்குப் பிடித்துக்கொண்ட மாதிரியே. அவள் என் தோளில் சாய்வாள் என்று நினைத்தேன். சாயவில்லை.

டாக்டர் அழுதார். "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னேளே சிஸ்டர், நீங்க பாத்தேள்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "பாத்தேன் டாக்டர்" என்றேன். சோதனையில் ஒன்றும் தெரியாமலே அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆவது உண்டு என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அன்றோடு அவர் அந்த ஊசியை எழுதுவதை விட்டுவிட்டார். உடம்பைத் துடைத்தபோது எல்லம்மாதான் சட்டைக் கையைச் சுருட்டினாள். "இந்தக் கையி ஏம்மா இப்படித் தடிச்சிருக்கு?" என்றாள். "மருந்து உடம்பு பூரா அப்படித்தான் பண்ணும்" என்றேன். அதற்குப்பின் என் கையால் கொடுக்கிற காப்பியை அவள் வாங்குவதில்லை.

அவரை அடக்கம் செய்தபின் வீடு பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன். நானும் அவளும் மட்டும். அவளுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்தேன். தலை வாரிவிடக் கூப்பிட்டேன். வந்து உட்காருவாள், வாரி முடித்ததும் எழுந்து போய்விடுவாள். அந்தக் கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் காலத்திலும் போர்த்திக்கொண்டு இருப்பாள்.

தெருவில் ஜட்கா போனால் அவள் சட்டென்று தலையைத் தூக்கிக் கேட்பாள். குளம்புச் சத்தம் நெருங்கி, வாசலைத் தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள். நானும் கேட்பேன். அவளுக்கு என்ன கேட்கிறதென்று தெரியாது. எனக்கு, வண்டி போனபின்பு, உள்ளறையில் யாரோ தும்முவது கேட்கும். பட்டப்பகலில்தான். அடுப்படியில் நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. ஒருநாள் தண்ணீர்த் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. பவுலின் நிரப்பவில்லை என்றாள். நானே நிரப்பி மறந்திருப்பேன்.

இன்னொன்று. என் முன்கையில், இதோ இந்த இடத்தில், காலையில் எழுந்தால் தடித்திருக்கும். வெளுப்பாக எழுந்து, ஓரம் நீண்டு படரும். மதியத்துக்குள் அமுங்கிவிடும். டாக்டரிடம் காட்டினேன். "உங்களுக்கும் அலர்ஜிதான் சிஸ்டர். எது ஒத்துக்கலைன்னு யோசிச்சுப் பாருங்கோ" என்றார். சாப்பாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். சோப்பை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. இப்போது நீங்கள் பார்ப்பது காலையில் வந்தது, இன்னும் முழுக்க அடங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பவுலின் சொன்னாள். பிலாயில் ஜெயராஜ் சம்சாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று கேட்டிருக்கிறாளாம். எல்லாம் பேசி முடித்துவிட்டாளாம்.

"நான் போறேன்க்கா."

"தனியாவா? நானும் வரேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"ஏன் பவுலின்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியலக்கா. உன் பக்கத்துல இருந்தா எனக்கு மூச்சு விட முடியல."

அவளுக்கு ஏதாவது தெரியுமா என்றால், தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவளுடைய உடம்புக்கு மட்டும் ஏதோ தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

ஆகவே இன்று இங்கே வந்தேன், சார். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நல்ல டாக்டர் தன்மேல் பழி என்று நினைத்து உருகிக்கொண்டிருக்கிறார், அவருக்காகவும்தான் என்று எழுதுங்கள். சில்வெஸ்டரைக் கொன்றது அவருடைய உடம்பு. அந்த உடம்பு என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டே ஊசியைப் போட்டது நான். சோதனையை மறைத்தது நான், அட்ரினலினைத் தாமதப்படுத்தியது நான். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். தூக்கு என்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். நான் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டபோது கதவு திறந்திருந்தது. வெளி பெஞ்சிலிருந்து பவுலின் பார்த்திருப்பாள். அவள்தான் முக்கியமான சாட்சி, அவளை விசாரிக்காமல் இந்தக் கேஸ் நிற்காது. நான் கோர்ட்டில் நிற்கும்போது அவள் எதிரில் நின்று என் முகத்தைப் பார்த்துத்தானே சொல்ல வேண்டியிருக்கும்? இந்த மாதிரி கேஸெல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். முடிகிறவரைக்கும் சாட்சி ஊரைவிட்டுப் போக முடியாது இல்லையா, சார்? அவளுக்கு நாளைக்கு ரயில். யாரையாவது இப்போதே வீட்டுக்கு அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.